கையைப் பிடிக்கிற வரைக்கும்

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் தங்குவதற்கென்று ஒரு கூடம் இருந்தது. அதற்குக் கதவு உண்டு, பூட்டு கிடையாது. நோய் என்ன நேரங்காலம் பார்த்தா வருகிறது? வருகிறவர்கள் வந்துகொண்டும் போகிறவர்கள் போய்க்கொண்டும் இருப்பார்கள். சிமெண்டுத் தரையில் ஒரு பாய், பாயை ஒட்டி ஒரு பை, பையை ஒட்டி அடுத்தவர் பாய். யாருக்கு யார் என்ன உறவு என்று விசாரிக்க அங்கே யாருக்கும் தெம்பு கிடையாது. எல்லார் காதும் சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியில்தான் இருக்கும். தங்கள் நோயாளியின் பெயரைக் கூப்பிடாமல் இருந்தால் நல்ல சேதி, கூப்பிட்டால் ஓட வேண்டும்.

அந்தக் கூடத்தில் ஒரு அக்காவும் தம்பியும் குடியிருந்தார்கள். சேர்ந்து அல்ல. அவள் ஜன்னலோரம், அவன் தூணடி. நடுவே எத்தனையோ பாய்கள், எத்தனையோ குடும்பங்கள். பார்க்கிறவர்களுக்கு அவள் யாரோ, அவன் யாரோ. அவர்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

யோசனை அவளுடையது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு யோசனை வரக்கூடாதுதான், வரவழைத்துவிட்டார்கள். அவள் கண்டுபிடித்தது இதுதான். ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை தனியாகத் திரிந்தால் யாரும் கேட்கமாட்டார்கள், பக்கத்துப் பாய்க்காரர் பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாலும் கேட்கமாட்டார்கள், உள்ளே அம்மாவோ அப்பாவோ படுத்திருப்பார்கள் என்று விட்டுவிடுவார்கள். இரண்டு பிள்ளைகள் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகச் சுருண்டு படுத்தால்தான் "கூடப் பெரியவங்க யாரும் இல்லையா?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

பெரியவர்கள் இல்லை. அப்பா எப்போதோ போனவர், போனவர்தான். அம்மா இதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் கிடந்து, ஒரு மத்தியானம், இவள் சுடுதண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் கண்ணை மூடிவிட்டாள். வாடகை வீட்டுக்குத் திரும்பினால் கதவில் வேறு பூட்டு. அம்மாவின் கூடப்பிறந்த மாமா கையைப் பிசைந்துகொண்டு, "அவனைப் பையனுங்க விடுதியில விட்டுடலாம், உன்னைப் பொண்ணுங்க விடுதியில விட்டுடலாம். ரெண்டுமே நல்ல இடம்தான்" என்றார். ரெண்டு என்று அவர் சொன்னாரே, அதுதான் அவளைச் சுட்டது. அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தம்பியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பூட்டு இல்லாத இடம் அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான். அம்மாவுக்குத் துணை இருக்கக் கொடுத்த அட்டையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அது அவள் கழுத்திலேயே தொங்கியது.

பதினெட்டு ஆகிவிட்டால் போதும். அப்புறம் தம்பிக்கு நானே பெரியவள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அதுவரை அவன் தன்னைவிட்டுப் போய்விடக்கூடாது. அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

பிழைப்புக்கு அவள் வரிசையில் நின்றாள். ஆஸ்பத்திரி என்றாலே வரிசைதானே. மருந்துக்கு ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை, ரத்தம் சோதித்த முடிவை வாங்க ஒரு வரிசை, அந்த முடிவை யாரிடம் காட்டுவது என்று கேட்க இன்னொரு வரிசை. நோயாளியை விட்டு நகர முடியாதவர்கள் அவளிடம் சீட்டைக் கொடுப்பார்கள். அவள் போய் நிற்பாள். கவுண்டர் நெருங்கியதும் உரியவர் வந்து அவள் இடத்தில் நின்றுகொள்வார். எந்த ஜன்னல் எப்போது திறக்கும், எந்தக் கவுண்டர்காரர் டீக்கு எழுந்தால் லேசில் திரும்பமாட்டார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கூலி என்று வாய்விட்டுக் கேட்கமாட்டாள். பன், பிஸ்கட், மிஞ்சிய சோறு, தலைக்குக் கொஞ்சம் எண்ணெய், கொடுப்பதை வாங்கிக்கொள்வாள். கூடத்தில் அவள் பெயரே 'வரிசை' ஆகிவிட்டது. "ஏ வரிசை, இங்க வா!" என்று எந்த மூலையிலிருந்து குரல் வந்தாலும் சட்டென்று திரும்புவாள்.

தம்பிக்கு ஏழு வயது. முன்பல் விழுந்த வாய். தூணுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்க் அம்மா. கால் உடைந்த கணவருக்குத் துணையாக வந்தவள், பிளாஸ்க் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரரின் குடும்பம். அவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு, அவர் மனைவி வாண்டுகளோடு வந்து தங்கியிருந்தாள். நாலைந்து வாண்டுகளுக்கு நடுவே இன்னொன்று இருந்தால் யார் எண்ணப்போகிறார்கள்? அவன் தையல்காரர் பிள்ளை என்று பிளாஸ்க் அம்மா நினைத்தாள். பிளாஸ்க் அம்மாவின் பேரன் என்று தையல்காரர் மனைவி நினைத்தாள். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்க் அம்மா அவனுக்குப் பால் ஊற்றுவாள். அந்தப் பக்கத்திலிருந்து ரொட்டி வரும். ஒருத்தி குட்டி என்பாள், ஒருத்தி பொக்கை என்பாள். எதற்கும் அவன் ஓடி வருவான்.

அக்காவும் தம்பியும் அக்காவும் தம்பியுமாக இருந்தது ஒரே இடத்தில். சலவைக்குப் போகும் அழுக்குத் துணி மூட்டைகளை அடுக்கிவைக்கும் பின்படிக்கட்டு அது. மத்தியானம் பார்வையாளர் கூட்டம் உள்ளே நுழையும்போது அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது. முதலில் அவன் போவான், கொஞ்சம் பொறுத்து அவள் போவாள். போனதும் அவன் கையைப் பிடிப்பாள். பிடித்த உடனே அவன் ஆரம்பித்துவிடுவான். "அக்கா, இன்னைக்கு லிஃப்ட்ல மேல வரைக்கும் போனேன் அக்கா. அக்கா, ஒரு ஆளுக்கு மூக்குல குழாய் அக்கா. அக்கா, இதப் பாரு அக்கா." டவுசர் பையிலிருந்து மருந்து பாட்டில்களின் அளவு மூடிகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுவான். காலையிலிருந்து வாய்க்குள் அடக்கி வைத்திருந்த அக்காவையெல்லாம் அங்கே கொட்டித் தீர்த்துவிடுவான். அவள் அவனுக்கு நகம் வெட்டுவாள், காதைத் துடைப்பாள், படியில் படிந்த தூசியில் எழுத்து எழுதச் சொல்லிக்கொடுப்பாள். ஒரு கையால்தான் எல்லாம். இன்னொரு கையை அவன் விடமாட்டான்.

கிளம்பும்போது பாடம் ஒப்பிக்க வேண்டும்.

"கையை விட்டதும் நான் யாரு?"

"யாரோ."

"யாராவது மிரட்டிக் கேட்டா?"

"தெரியாது."

"நானே வந்து கேட்டா?"

"அப்பவும் தெரியாது."

"எதுவரைக்கும்?"

"நீ கையைப் பிடிக்கிற வரைக்கும்."

கையை விடுவாள். அவன் முகம் விளக்கை அணைத்தது போல மாறும். அக்கம் பக்கம் பார்க்காமல் படியிறங்கிப் போய்விடுவான். இத்தனை கெட்டிக்காரத்தனத்தை ஏழு வயதுப் பிள்ளைக்குப் பழக்கியதற்காக அவள் பெருமைப்பட்டாளா, நொந்துகொண்டாளா என்று கேட்டால், இரண்டும்தான்.

வந்த புதிதில் ஒரு தரம், ஈரத்தரையில் வழுக்கி விழுந்து "அக்கா!" என்று கூடமே அதிரக் கத்திவிட்டான். அங்கே இருந்த வேறு அக்காக்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவள் மட்டும் திரும்பவில்லை. அவனைத் தாண்டி, கையில் சீட்டோடு நேராக மருந்துக் கவுண்டருக்கு நடந்தாள். வேறு யாரோதான் அவனைத் தூக்கிவிட்டார்கள். அன்றைக்குப் பிறகு அவன் விழுந்தால்கூடச் சத்தம் போடுவதில்லை. அவளும் அந்தச் சொல்லுக்குத் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டாள். நாளெல்லாம் அந்தக் கூடத்தில் யாராவது யாரையாவது அக்கா என்று கூப்பிட்டபடிதான் இருப்பார்கள். அவள் காது அதைக் கேட்காத காதாகிவிட்டது.

அப்புறம் சோதித்தும் பார்த்தாள். எல்லார் முன்னாலும் ஒரு பிஸ்கட்டை நீட்டி, "குட்டி, உனக்கு அக்கா இருக்காளா?" என்று கேட்டாள். அவன் பிஸ்கட்டையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். "இல்ல. நீங்க யாரு?" என்றான். பிளாஸ்க் அம்மா சிரித்துவிட்டாள். "பாத்தியா வரிசை, வாயைப் பாத்தியா!" நீங்க. பிறந்ததிலிருந்து அவளை அவன் நீங்க என்று சொன்னதே இல்லை. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். ஒரே கூரையின் கீழே, ஒரே கூட்டத்தின் நடுவே, இருவரும் அப்படித் தனித்தனியாகக் கிடந்தார்கள். யாரும் இல்லாமல் இருப்பது ஒரு தனிமை என்றால், இருந்தும் இல்லாதது போல இருப்பது அதைவிடக் கொடுமை. அது அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் காலையில் தம்பி தூணடியிலிருந்து எழவில்லை. அவள் ஜன்னலோரத்திலிருந்து பார்த்தாள். பிள்ளை தூங்கட்டும் என்று நினைத்தாள். போய்த் தொட்டுப் பார்க்க முடியாதே. பார்வைக்குத் தூக்கமும் காய்ச்சலும் ஒன்று போலத்தான் இருக்கும். ஸ்கேன் வரிசைக்கு ஒருவர் சீட்டைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிளாஸ்க் அம்மாதான் பாலை நீட்டி எழுப்பினாள். அசையவில்லை என்று நெற்றியில் கை வைத்தவள், சுட்டது போலக் கையை உதறினாள். "ஐயோ, அனலா கொதிக்குதே! ஏம்மா, உன் பிள்ளையைக் கொஞ்சம் பாக்கக்கூடாதா?" என்று தூணுக்கு அந்தப் பக்கம் கத்தினாள்.

தையல்காரர் மனைவி எட்டிப் பார்த்தாள். "என் பிள்ளையா? அது உங்க பேரன் இல்லையா?"

"எனக்கு ஏதும்மா பேரன்? எனக்குப் பிள்ளையே கிடையாது!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு சமயமாக இருந்தால் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகியிருக்கும். அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கூடத்துக் காவலாளி ஓடி வந்தார். எப்போதும் விசிலை வாயில் கவ்விக்கொண்டே இருப்பதால் அவருக்கும் விசில் என்றே பெயர். அவர் பிள்ளையை வாரியெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தைகள் வார்டுக்கு ஓட, பின்னாலேயே பிளாஸ்க் அம்மா பிளாஸ்க்கோடு ஓடினாள்.

வரிசையில் நின்றவள் விசில் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கூட்டம் விலகியது. விசிலின் தோளில் தலை தொங்க, அவளைக் கடந்து தம்பி போனான். கண் பாதி திறந்திருந்தது. அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதுவரை எந்த வரிசையையும் அவள் பாதியில் விட்டதில்லை. இடத்தை விட்டால் போச்சு, பிழைப்பே போச்சு. அன்றைக்கு விட்டாள். கையில் இருந்த சீட்டைப் பின்னால் நின்றவரிடம் திணித்துவிட்டு ஓடினாள்.

குழந்தைகள் வார்டின் வாசலில் பெரிய சிஸ்டர் நின்றிருந்தார். வார்டுக்கே பொறுப்பானவர். கறார் என்றால் அப்படி ஒரு கறார். டாக்டர்கள்கூட அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். பிள்ளையைக் கட்டிலில் போடச் சொல்லிவிட்டு, "இந்தப் பிள்ளைக்குக் கூட யாரு?" என்றார்.

"நான்" என்றாள் அவள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. "நான் அவன் அக்கா."

விசில் வாயிலிருந்த விசிலைக் கீழே விட்டார். "நீயா? சிஸ்டர், இது வரிசையில நிக்கிற பொண்ணு. எனக்கு நல்லாத் தெரியும். இதுக்குத் தம்பியும் கிடையாது தங்கச்சியும் கிடையாது."

"இருக்கான் சார். இவன்தான்."

"இத்தனை நாளா இல்லாத தம்பி இன்னைக்கு எங்கிருந்து குதிச்சான்?"

பிளாஸ்க் அம்மா கெட்டவள் இல்லை. உள்ளதைச் சொன்னாள். "நானும் தினம் பாத்துட்டுத்தான் இருக்கேன், சிஸ்டர். இவ ஒரு நாள்கூட அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. அவன் கீழ விழுந்தப்போ தாண்டிக்கிட்டுப் போனா. கூடப்பிறந்தவ அப்படிப் போவாளா?"

போனவள்தானே அவள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். அவள் பார்த்துப் பார்த்து வாரிப் போட்ட மண் இப்போது கண்ணை மறைத்தது. கூடத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் அவர்கள் அக்கா தம்பி என்று தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது அவளேதான்.

"சில நாளைக்கு முன்னாடிதான் பிரசவ வார்டுல ஒரு குழந்தையைத் தூக்கப் பாத்தாங்க" என்றார் விசில், அவளுக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து நின்றபடி. "தனியா இருக்கிற பிள்ளைன்னு தெரிஞ்சதும் சொந்தம் கொண்டாட வந்துடுறாங்க."

"அவன் இடது முட்டியில ஒரு தழும்பு இருக்கும். பாருங்க சிஸ்டர், அடுப்பு சுட்ட தழும்பு."

"டவுசர் போட்ட பிள்ளைக்கு முட்டித் தழும்பு ஊருக்கே தெரியுமே" என்றாள் பிளாஸ்க் அம்மா, வருத்தத்தோடு.

பெரிய சிஸ்டர் எல்லாரையும் கையமர்த்தினார். கட்டில் பக்கம் குனிந்தார். "கண்ணா, இங்க பாரு. இந்தப் பொண்ணு உனக்கு யாரு? உன் அக்காவா?"

அவன் மெல்லத் தலையைத் திருப்பினான். அவள் வேண்டாத தெய்வமில்லை. சொல்லுடா, ஒரு தரம் சொல்லிவிடுடா. உதடு வெடித்து, கண் சிவந்து, காய்ச்சலில் வெந்துகொண்டிருந்த அந்தப் பிள்ளை அவளை நேராகப் பார்த்தான். பாடம் அவனுக்கு மறக்கவில்லை.

"தெரியாது" என்றான். "யாரோ."

"டேய், சொல்லலாம்டா! இப்போ சொல்லலாம்!"

"நீங்க யாரு?" என்றான் அவன்.

"போதும்" என்றார் பெரிய சிஸ்டர். "விசில், இந்தப் பொண்ணை வெளியில நிறுத்துங்க. அனுப்பிடாதீங்க, உக்கார வைங்க. அப்புறம் விசாரிக்கலாம்."

"ஒரே ஒரு தரம் அவன் கையைப் பிடிச்சுக்கிறேன் சிஸ்டர். கையைப் பிடிச்சா சொல்லுவான்."

"அவன் தெரியாதுன்னு சொன்னதுக்கு அப்புறம் உன்னைத் தொடவிட முடியாது."

வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வார்டுக் கதவில் கண்ணாடி இருந்தது. அதன் வழியாக அவன் கட்டில் தெரிந்தது. அவள் எழுந்து கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள். விசில் பக்கத்திலேயே நின்றார், கண்கொத்திப் பாம்பாக.

உள்ளே குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடினார்கள். வற்றிப்போன உடம்பு, நரம்பு பிடிபடவில்லை. ஒரு தரம் குத்தி, எடுத்து, மறுபடியும் குத்தினார்கள். அவன் உடம்பு தூக்கிப்போட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு குத்துக்கும் தலையைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தான். பார்த்த உடனே, தப்பு செய்துவிட்டவனைப் போலக் கண்ணை விலக்கினான். அவளும் பழக்கத்தில் விலக்கினாள். மறுபடி இருவரும் பார்த்தார்கள்.

பெரிய சிஸ்டர் ஊசியைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தார். அந்த வார்டில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊசி போட்ட கை அது. ஊசி குத்தினால் எந்தப் பிள்ளையும் யாரையாவது கூப்பிடும். அம்மாவைக் கூப்பிடும், அப்பாவைக் கூப்பிடும், யாருமில்லாத பிள்ளை சிஸ்டரையே கூப்பிட்டு அழும். இவன் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் ஒரே பக்கம்தான் பார்க்கிறான். அவர் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே நெற்றி ஒட்டியிருந்த இடத்தில் மூச்சுப் புகை படிந்து, அதற்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகம் நனைந்திருந்தது.

கதவைத் திறந்தார். "வா. நான் பக்கத்துலயே நிப்பேன். கையை மட்டும் பிடி."

அவள் போய்க் கட்டிலருகே மண்டி போட்டாள். ஊசி குத்தாத கையைப் பிடித்தாள். சுட்டது. அந்தச் சின்ன விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தன. பிறகு அவள் கட்டைவிரலைச் சுற்றி ஒவ்வொன்றாக மடிந்தன. அவன் பெரிய சிஸ்டரைப் பார்த்தான், வாசலில் நின்ற விசிலைப் பார்த்தான், அவள் காதருகே வாயைக் கொண்டுவந்தான். ரகசியம் என்று அவன் நினைத்தது வார்டுக்கே கேட்டது.

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்டா."

"நான் சரியாச் சொன்னேனா அக்கா?"

"சரியாச் சொன்னடா. நீதான்டா சரியாச் சொன்ன."

"ரொம்ப வலிச்சுது அக்கா. ஆனாலும் கூப்பிடல."

அவள் கட்டில் விளிம்பில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இத்தனை நாள் குழாய்த் தண்ணீரில் கரைத்த அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். பிளாஸ்க் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். விசில் தொண்டையைச் செருமி, கூரையில் ஏதோ இருப்பது போல மேலே பார்த்தார். பெரிய சிஸ்டர் மட்டும், "அழுதது போதும். முதல்ல ஊசி" என்று நரம்பைத் தேடினார். இந்தத் தரம் அவன் வார்டே அதிர "அக்கா!" என்று அலறினான். நரம்பும் கிடைத்துவிட்டது.

அன்றைக்கே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மூன்றாம் மாடி, வேறு பூட்டு, மாமா சொன்ன இரண்டு நல்ல இடங்கள், பின்படிக்கட்டு, பாடம். பெரிய சிஸ்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். "சொல்லாம இருக்க எனக்கும் ஆசைதான்மா. ஆனா அதிகாரிங்ககிட்ட சொல்லியாகணும்" என்றார்.

காய்ச்சல் இறங்கிய பிறகு, பிள்ளைகள் விஷயத்தைப் பார்க்கிற அதிகாரியம்மா வந்தார். வார்டின் கடைசியில் இருந்த அறையில் உட்கார்ந்தார். அவரோடு பேசிவிட்டு வந்த பெரிய சிஸ்டர் கட்டிலருகே நின்று தணிந்த குரலில் சொன்னார். "ஒரு இடம் இருக்காம். தூரம். அக்கா தம்பியைப் பிரிக்காம ஒண்ணா வச்சுக்குவாங்களாம். ஆனா நீ அவன் அக்காதான்னு அந்த அம்மாவுக்கு நிச்சயமாகணும். உன் அட்டையில உங்க அம்மா பேரு இருக்கு, உன் பேரு இருக்கு. இவன் பேரு எங்கயும் இல்ல. முதல்ல இவன் தெரியாதுன்னு சொன்னதையும் என்னால மறைக்க முடியல. உன்னைத் தனியாப் பாக்கணும்னு சொல்றாங்க. போய்ப் பேசு."

"நிச்சயமாகலேன்னா?"

"உனக்கு ஒரு இடம், அவனுக்கு ஒரு இடம்."

அவள் எழப் பார்த்தாள். தம்பி கையை விடவில்லை. கட்டிலுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அவள் தண்ணீர் குடித்தது, தலை வாரியது, உட்கார்ந்தபடி தூங்கியது எல்லாம் ஒரு கையோடுதான். கழிவறைக்குப் போவதென்றால் அவன் தூங்கும் நேரம் பார்த்து விரல்களைப் பிரித்துக்கொண்டு போவாள்.

"விடுடா. இதோ அந்த ரூமுக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"வேணாம்."

"ஏன்டா?"

"விட்டா நீ யாரோ ஆயிடுவ."

அவள் திரும்பக் கட்டிலில் உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்தது எவ்வளவு சுலபம்! சொல்லிக்கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இனிமே பாடம் வேற. கேளு. கையை விட்டாலும் நான் யாரு?"

அவன் யோசித்தான். "யாரோ?"

"இல்ல. அக்கா. கையை விட்டாலும் அக்கா. தூரமாப் போனாலும் அக்கா. எல்லாரும் பாத்தாலும் அக்கா. கூப்பிட்டா திரும்புவேன். சொல்லு."

"கையை விட்டாலும் அக்கா" என்றான் அவன், நம்பிக்கையே இல்லாமல். "கூப்பிட்டா திரும்புவ."

"ஆங். அவ்வளவுதான்."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவன் கையில் அளவு மூடிகளை வைத்துவிட்டு எழுந்தாள். கட்டில்களுக்கு நடுவே நடந்தாள். கடைசி அறையின் வாசலில் அதிகாரியம்மா எழுந்து வந்து கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்ன கேட்பார், என்ன சொல்வது, எதைக் காட்டுவது? தலை குனிந்து, அதையே மனசுக்குள் உருட்டியபடி நடந்தாள்.

"அக்கா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டில்களில் கிடந்த பிள்ளைகள் திரும்பினார்கள், அவர்களுடைய அம்மாக்கள் திரும்பினார்கள், தரை துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள், அதிகாரியம்மாவும் நிமிர்ந்து கட்டில் பக்கம் பார்த்தார். கூப்பிடப்பட்டவள் மட்டும் திரும்பவில்லை. அது யாரோ யாரையோ கூப்பிடுவது. அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"அக்கா!" இரண்டாவது தரம் அந்தக் குரல் உடைந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கால் நின்றது. அந்தக் கூப்பாடு தனக்குத்தான். இந்த ஆஸ்பத்திரியில், இத்தனை அக்காக்களுக்கு நடுவே, அது தன்னைத்தான் கூப்பிடுகிறது. எல்லார் கண்ணும் தன்மேல் இருக்க, அவள் முழுசாகத் திரும்பினாள். பின்படிக்கட்டைத் தவிர வேறெங்கும் அவள் எடுக்காத குரல் வெளியே வந்தது.

"என்னடா தம்பி?"

கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். கன்னமெல்லாம் கண்ணீர். அவள் முகத்தையே பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொக்கை வாய் மெல்ல விரிந்தது.

"ஒண்ணுமில்ல அக்கா" என்றான். "சும்மா கூப்பிட்டேன்."